பத்தலங்குண்டுக் கடலில் ஒரு பழைய கணக்கு

“களப்பைத் தாண்டும் வரைக்கும் இஞ்சின். அதற்குப் பிறகு பாய்தான் தம்பி. சம்மதம் என்றால் ஏறுங்கள்” என்றார் வள்ளக்காரர்.

2022 செப்டம்பர் கடைசி வாரம். கற்பிட்டித் துறையில் பாதி வள்ளங்கள் கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. அதற்கு ஒரு மாதம் முன்புதான் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்திருந்தது. 20 லீற்றர் கொண்டு போய் வருகிற தொழிலாளிக்கு 1,740 ரூபா செலவு ஒரே இரவில் 6,800 ரூபா ஆனது. அந்தக் காசுக்கும் எண்ணெய் கிடைக்காத நாட்கள் இருந்தன. அதனால் பழைய பாய்களைத் தேடி எடுத்தார்கள். பாய் இல்லாதவர்கள் நீலத் தறப்பாளை வெட்டித் தைத்தார்கள். நான் ஏறிய வள்ளத்தில் இருந்ததும் தறப்பாள் பாய்தான்.

மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு பற்றி ஒரு கட்டுரை எழுதுவதாகச் சொல்லித்தான் அங்கே போனேன். அது பொய்யில்லை. ஆனால் என் பையில் அம்மா தந்த கடித உறை ஒன்றும் இருந்தது. அதில் கொஞ்சம் பணமும், ஒரு பெயரும், “பத்தலங்குண்டு வாடியில் இருக்கிறாராம்” என்ற ஒரு வரியும். 32 வருடங்களாக எங்கள் வீட்டில் யாரும் உரத்துப் பேசாத ஒரு கணக்கு அது. அந்தக் கணக்கை விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் இந்தக் கடலை விளங்கிக்கொள்ள வேண்டும்.

தீவுகளின் வரிசை

புத்தளம் மாவட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தால் கற்பிட்டி ஒரு நீண்ட விரல்போல வடக்கே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேற்கே மன்னார் வளைகுடா, கிழக்கே புத்தளம் களப்பு. விரல் முடிகிற இடத்தில் நிலம் முடிவதில்லை. சிறு சிறு தீவுகளாக உடைந்து மேலும் வடக்கே போகிறது. எருமைத்தீவு, பெரிய அரிச்சாலை, சின்ன அரிச்சாலை, இப்பந்தீவு, உச்சமுனை, வெள்ளை என்று பெயர்கள். அநேகமாக எல்லாமே தமிழ்ப் பெயர்கள். இந்த வரிசையின் வடக்குக் கோடியில், திறந்த கடலுக்கு முகம் கொடுத்துக்கொண்டு இருப்பதுதான் பத்தலங்குண்டு.

ஒடுங்கிய, நீளமான மணல் தீவு. வாகனம் இல்லை. மணலைத் தோண்டினால் ஓரளவு ஆழத்தில் குடிக்கத்தக்க தண்ணீர் ஊறும். மழைநீர் உப்பு நீருக்கு மேலே மிதந்து நிற்பதால் அது கிடைக்கிறது. அதிகம் இறைத்தால் உவர்த்துவிடும். கிடுகுக் குடில்கள், ஒரு தேவாலயம், சிறிய பாடசாலை, கடற்படைக் காவலரண். மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்க மீனவர்கள். வீட்டில் சிங்களம் பேசுபவர்களுக்கும் தொழில் சொற்கள் தமிழில் வரும். இந்தக் கரையோரம் முழுவதும் அப்படித்தான். சிலாபம் முதல் நீர்கொழும்பு வரை ஒரு காலத்தில் தமிழ் பேசிய கத்தோலிக்கக் கிராமங்கள் பல, பாடசாலை மொழியும் வழிபாட்டு மொழியும் மாறியதோடு இரண்டு மூன்று தலைமுறைக்குள் சிங்களத்துக்கு மாறிவிட்டன. ஆனால் வலைக்கும் காற்றுக்கும் மீனுக்கும் பழைய பெயர்கள் தங்கிவிட்டன.

நாங்கள் தீவுகளின் உட்பக்கமாகவே போனோம். வெளிப்பக்கம் இன்னும் அலை அடங்கவில்லை. வள்ளக்காரர் இஞ்சினை நிறுத்திப் பாயை அவிழ்த்துவிட்டதும் முதலில் எனக்குத் தெரிந்தது அமைதிதான். அதற்குப் பிறகுதான் வள்ளத்தின் அடியில் தண்ணீர் உரசும் சத்தம் கேட்டது. சோளகக் காற்று இடது பக்கத்திலிருந்து வந்தது. “இஞ்சின் வந்த பிறகு பொடியன்களுக்குக் காற்றின் பெயரே தெரியாது. இப்போது எல்லாரும் வந்து என்னிடம் கேட்கிறார்கள்” என்று அவர் சிரித்தார்.

காற்று போட்ட பாதை

இந்தக் கடலுக்கு இரண்டு காற்றுக் காலங்கள். மே முதல் செப்டம்பர் வரை சோளகம் மேற்குக் கரையைப் புரட்டிப் போடும். அப்போது இங்குள்ள தொழிலாளர்கள் வள்ளங்களையும் வலைகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போவார்கள். ஒக்டோபரில் காற்று மாறி, வாடை தொடங்கும்போது மேற்குக் கரை அமைதியாகும். அப்போது எல்லோரும் திரும்பி வந்து வாடி போடுவார்கள். வாடி என்றால் குடில் மட்டுமில்லை. கருவாடு காயப்போடும் இடம், வலை பொத்தும் இடம், கடன் கொடுக்கும் முதலாளி, அவருக்கு மீன் கொடுக்கும் ஐந்தாறு குடும்பங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் வாடி.

மன்னார் ஆட்களும் இந்தச் சுழற்சியில் இருந்தவர்கள். என் தாத்தா பாய் வள்ளத்தில் இந்தத் தீவுகளுக்கு வந்து போனவர். நீர்கொழும்பு ஆட்கள் பருவத்துக்கு மன்னாருக்கு வருவார்கள். ஆவணியில் மடு மாதா திருநாளுக்குத் தெற்கிலிருந்து சிங்களவர்கள் வந்தார்கள். தலவில புனித அன்னம்மாள் திருநாளுக்கு வடக்கிலிருந்து நாங்கள் போனோம். மன்னாருக்கும் கற்பிட்டிக்கும் இடையில் கடலால் ஏறக்குறைய 100 கிலோமீற்றர். இன்று அனுராதபுரம், மதவாச்சி என்று சுற்றிப் போனால் புத்தளத்திலிருந்து மன்னாருக்குத் தரையால் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு தூரம். வில்பத்துக் காட்டின் ஊடான பழைய கரையோரப் பாதை வழக்குகளிலும் வாக்குறுதிகளிலும் சிக்கிக் கிடக்கிறது. அந்த நாட்களில் கடல்தான் குறுக்குப் பாதை.

இந்தக் கரைக்குக் காற்று கொண்டுவந்து சேர்த்தவர்களில் பெயர் பெற்றவர் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா. 1344இல் மாலைதீவிலிருந்து தமிழ்நாட்டுக் கரைக்குப் போகப் புறப்பட்ட அவருடைய கப்பல் காற்றில் திசைமாறி இலங்கைக் கரைக்கு வந்தது. அவர் இறங்கிய பட்டினத்தைப் ‘பத்தாலா’ என்று எழுதுகிறார். அது புத்தளம் என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கருத்து. அப்போது அங்கே இருந்தவர் யாழ்ப்பாண அரசின் ஆரியச் சக்கரவர்த்தி. அவரிடம் கொள்ளைக் கப்பல்கள் இருக்கின்றன, இங்கே இறங்குவது ஆபத்து என்று மாலுமிகள் பயந்தார்கள். ஆனால் அந்தத் தமிழ் மன்னர் முஸ்லிம் பயணியை விருந்தினராக ஏற்றார். முத்துக்களைக் காட்டினார். பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்டபோது பல்லக்கும், வழித்துணையாக யோகிகளையும் பிராமணர்களையும், சாமான் சுமக்க ஆட்களையும் கொடுத்து அனுப்பினார்.

வந்த வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டுத்தான் யார் என்று கேட்பது என்று எங்கள் தாத்தா சொல்வாராம். இந்தக் கடலில் எழுதப்படாத சட்டம் அது.

1990 ஒக்டோபர்

போர் முதலில் இந்தப் பாதையைத்தான் அறுத்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து கடலுக்குப் போக பாஸ், நேரக்கட்டுப்பாடு, தடைசெய்யப்பட்ட வலயம் என்று ஒவ்வொன்றாக வந்தன. நீர்கொழும்பு ஆட்கள் மன்னாருக்கு வருவது குறைந்தது. நாங்கள் தெற்கே போவது நின்றது. கடலில் தெரியும் எந்த வள்ளமும் இரண்டு தரப்புக்கும் சந்தேகத்துக்குரியதானது.

1990 ஒக்டோபர் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசம். மற்ற இடங்களில் சில நாட்கள். கொண்டுபோகக்கூடிய பணமும் நகையும் இடத்துக்கு இடம் மாறின. வீடு, கடை, வயல், வள்ளம், வலை எதையும் கொண்டுபோக முடியாது என்பது மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். வெளியேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். மன்னாரில் தமிழ் மக்களும் கத்தோலிக்கக் குருமாரும் இதை நிறுத்தும்படி புலிகளிடம் மன்றாடினார்கள். பலன் கிடைக்கவில்லை. மன்னார் தீவு முஸ்லிம்கள் கடற்கரையில் கூட்டப்பட்டு, படகுகளில் ஏற்றப்பட்டு, தெற்கே கற்பிட்டிக்கு அனுப்பப்பட்டார்கள்.

எனக்கு அப்போது இரண்டு வயது. நான் எழுதுவது அம்மா சொன்னது.

அப்பாவுக்குத் தொழிலில் ஒரு பங்காளி இருந்தார். அடுத்த வளவுக்காரர், முஸ்லிம். அப்பா அவரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் பாதிப் பாதியாக ஒரு வள்ளம். கடைசி நாள் இரவு நானாவும் அவருடைய மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வள்ளத்தில் ஆட்களைத்தான் ஏற்றலாம் என்பதால் சூடை வலையும் திருக்கை வலையும் எங்கள் கொட்டிலில் வைக்கப்பட்டன. வீட்டுத் திறப்பு அம்மாவின் கையில் கொடுக்கப்பட்டது. “இரண்டு மூன்று கிழமைதானே” என்று நானா சொன்னாராம். மறுநாள் அந்தப் பாதி வள்ளமும் அவர்களோடு போனது. திரும்பி வரவில்லை.

வலைகளை அப்பா ஆறு மாதம் தொடவில்லை. பிறகு எங்களிடம் இருந்த வலை கிழிந்தபோது எடுத்தார். நான் அந்த வலையில் பட்ட மீனைச் சாப்பிட்டு வளர்ந்தவன். அடுத்த வருடம் பெருநிலப்பரப்பிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் கைக்குழந்தையோடு வாசலில் நின்றபோது அம்மா நானாவின் வீட்டைத் திறந்து கொடுத்தார். 1996இல் நாங்களும் அதே கடற்கரையிலிருந்து இரவில் படகேறி மண்டபம் முகாமுக்குப் போனோம். 2003இல் திரும்பி வந்தோம். நானாவின் வீட்டில் அந்தக் குடும்பம் அப்போதும் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதற்காக அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். ‘மறப்போம், மன்னிப்போம்’ என்ற பொருளில் பேசினார். அந்தச் செய்தியைக் கேட்ட அப்பா, “மறக்கிறதும் மன்னிக்கிறதும் அவங்கட பக்கத்து வேலை. எங்கட பக்கத்து வேலை என்ன?” என்று கேட்டாராம். ஊர் திரும்பிய பிறகு புத்தளம் போய் நானாவைப் பார்க்க வேண்டும் என்று பல தடவை சொன்னார். போகவில்லை. பயம் காரணமில்லை, வெட்கம். நானா 2007இல் புத்தளத்தில் மௌத்தானார். அப்பா 2015இல் காலமானார்.

வாடியில்

பத்தலங்குண்டில் இறங்கியபோது பிற்பகல் ஆகிவிட்டது. பருவம் தொடங்கப் போகிற நேரம். பாதி வாடிகளுக்குக் கூரை இல்லை, மீதிக்குப் புதுக் கிடுகு ஏறிக்கொண்டிருந்தது. கடற்படைக் காவலரணில் அடையாள அட்டை பார்த்தார்கள். மன்னார் முகவரியைக் கண்டதும் எதற்கு வந்தேன் என்று கேட்டார்கள். மண்ணெண்ணெய் என்றேன்.

முதலில் பேசியது எழுபது வயது தாண்டிய கத்தோலிக்க முதியவர் ஒருவரிடம். என் தமிழைக் கேட்டதும் தன் தமிழைத் தேடி எடுத்துப் பேசினார். சிறு வயதில் நல்லாகப் பேசினாராம். நான் 1990 பற்றிக் கேட்கவில்லை. மன்னார் என்று சொன்னதும் அவராகவே சொன்னார். வடக்கே இருந்து வருகிற வள்ளத்துக்கு முதலில் தென்படும் கரை இந்தத் தீவு. அந்த நாட்களில் ஒரு காலையில் ஆள் நிறைந்த வள்ளங்கள் வந்தன. சில நிற்காமல் கற்பிட்டிக்குப் போயின. தண்ணீர் கேட்டுச் சில கரைக்கு வந்தன. பெண்களும் பிள்ளைகளும் இரவு முழுக்க நனைந்திருந்தார்கள். இவர்கள் கிணற்றுத் தண்ணீரும் தேநீரும் கொடுத்தார்கள். ஒரு தாய் கையில் இருந்த பிள்ளையை யாரிடமும் கொடுக்க மறுத்தாள். அந்தப் பிள்ளை உயிரோடு இல்லை என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தேடி வந்தவர் நான்காவது வாடியில் இருந்தார். நானாவின் மூத்த மகன். வெளியேற்றப்பட்டபோது அவருக்கு 11 வயது. இப்போது கற்பிட்டி முதலாளி ஒருவருக்காக இங்கே கருவாட்டு வாடியைப் பார்த்துக்கொள்கிறார். தகப்பனுக்குப் பாதி வள்ளம் இருந்தது, மகனுக்குச் சம்பளம். என் அப்பாவின் பெயரைச் சொன்னேன். கிடுகைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அந்தத் தொட்டில்ல கிடந்த பொடியனா?”

“ஓம் நானா.”

கிடுகு முடைந்துகொண்டிருந்த மற்றவர்களிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். “எங்கட ஊர்ப் பொடியன்” என்பதுதான் அதன் பொருள். அவர் ‘ஊர்’ என்று சொன்ன இடத்தில் அவர் 11 வருடங்கள்தான் வாழ்ந்தவர். புத்தளத்தில் 32 வருடங்கள்.

இரவு பொரித்த மீனும் சோறும் சாப்பிட்டபடி அந்த 32 வருடத்தைச் சொன்னார். கற்பிட்டியில் இறங்கியதும் உள்ளூர் முஸ்லிம்கள் பாடசாலைகளையும் பள்ளிவாசல்களையும் திறந்துவிட்டார்கள். சமைத்துக் கொண்டுவந்தார்கள். சிங்களவர்களும் கொடுத்தார்கள். பிறகு தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள். சில மாதம் என்று போட்ட முகாம்கள் 20 வருடம் நீடித்தன. தண்ணீர், வேலை, பாடசாலை இடம், பல்கலைக்கழக அனுமதி எல்லாவற்றிலும் உள்ளூர் ஆட்களுக்கும் வந்தவர்களுக்கும் இடையில் உரசல் வந்தது. “நாங்க கலியாணம் முடிச்சு, பிள்ளை பெத்து, வீடு கட்டின பிறகும் ‘அகதி’தான். மன்னாருக்குப் போனா ‘புத்தளத்தான்’” என்றார். 2019 ஜனாதிபதித் தேர்தலன்று மன்னாரில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து போன நூற்றுக்கும் மேற்பட்ட பஸ்களில் ஒன்றில் அவர் இருந்தார். தந்திரிமலைப் பகுதியில் அந்த பஸ் வரிசை மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அவர் போய் வாக்களித்துவிட்டுத்தான் வந்தார்.

கடித உறையைக் கொடுத்தேன். வலைக்காசு என்றேன். வலைகளை நாங்கள் பயன்படுத்தியதை மறைக்காமல் சொன்னேன். அவர் உறையைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“வாப்பாக்கு அது தெரியும். வலை கிடந்து மக்கிப் போறதுக்கு அவன் எடுத்துப் போடட்டும் எண்டுதான் சொன்னவர். இத உம்மாட்டக் குடுங்க. அவ எடுக்கமாட்டா. ஆனா அவ உங்கட அம்மாட்ட ஒண்டு கேக்க இரிக்கிறா.”

திறப்பு

இரண்டு நாள் கழித்து ஆலங்குடாவில் அந்த உம்மாவைச் சந்தித்தேன். காசை அவர் எடுக்கவில்லை. அம்மாவின் முழங்கால் வலி, ஊர்க் கிணற்றுத் தண்ணீர், வாசலில் நின்ற வேப்பமரம் எல்லாவற்றையும் விசாரித்தார். பிறகு கேட்டார்:

“வீட்டத் திறந்து குடுத்தது நான்தான் எண்டு உன்ட உம்மா எழுதித் தருவாவா மகன்?”

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு உடனே விளங்கவில்லை. மன்னாரில் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்ட பிறகுதான் விளங்கியது. இதே நிலையில் இருக்கும் வாசகர்கள் இரண்டு பக்கத்திலும் பலர் இருப்பதால் அதை இங்கே சொல்கிறேன்.

இலங்கையின் ஆட்சியுரிமைச் சட்டப்படி ஒருவர் இன்னொருவரின் காணியை, உரிமையாளருக்கு எதிராக, இடையறாமல் 10 வருடம் ஆண்டால் அந்தக் காணிக்கு உரிமை கோரலாம். போரால் ஊரைவிட்டுப் போனவர்கள் இதனால் காணியை இழக்கும் ஆபத்து வந்தது. அதற்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயலால் தம் காணி உரிமையை நாட முடியாமல் போனவர்கள், சட்டம் வந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட அது வழிவிட்டது. அந்த 2 வருடமும் போனது தங்களுக்குத் தெரியாது என்றார் மகன். முகாமில் யாரும் வந்து சொல்லவில்லை.

ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. ஒருவர் அனுமதியோடு குடியிருந்தால் அது உரிமையாளருக்கு எதிரான ஆட்சி ஆகாது. எத்தனை வருடம் இருந்தாலும் அனுமதி அனுமதிதான். நானாவின் வீட்டில் இருப்பவர்கள் பூட்டை உடைத்து வந்தவர்கள் இல்லை; திறப்பை வைத்திருந்த என் அம்மா திறந்துவிட்டதால் வந்தவர்கள். இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் இன்று அம்மாதான். அவருக்கு வயது 66.

உறுதியும் தொலைந்திருந்தது. அதைப் பெறுவது நினைத்ததைவிட இலகுவாக இருந்தது. நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதியின் இணைப்பிரதியும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். அதனால் மூலப்பிரதி எரிந்தாலும் தொலைந்தாலும் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கேட்கலாம். நொத்தாரிசின் பெயர், வருடம், காணியின் பெயர் தெரிந்தால் தேடுவது சுலபம். உம்மாவுக்கு மூன்றும் நினைவில் இருந்தன. அது அவருடைய சீதன வீடு. கலியாணத்துக்கு முதல் கிழமை எழுதிய உறுதி.

அம்மாவிடம் சொன்னபோது அவர் உடனே ‘ஓம்’ என்று சொல்லவில்லை. நான் எதிர்பார்த்ததும் அதில்லை. அந்த வீட்டில் இருக்கிற குடும்பமும் போரில் ஊரையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்தவர்கள். 31 வருடமாக எங்கள் அயல். என் தங்கையின் பிரசவத்துக்கு இரவு ஆட்டோ பிடித்து வந்தவர் அந்த வீட்டு அண்ணன். “அவங்களை எங்க போகச் சொல்லுறது?” என்று அம்மா கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வடக்கு முஸ்லிம்களின் மீள்திரும்பலைப் பற்றி எழுதுகிற பலரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஓர் அநியாயத்தின் மேல் இன்னோர் அநியாயத்தின் குடும்பம் குடியிருக்கிறது. முதல் அநியாயத்தைப் பற்றி நாங்கள் பேசாமல் இருந்த ஒவ்வொரு வருடமும் இரண்டாவது குடும்பத்தின் வேர் ஆழமாகப் போயிருக்கிறது. 2003இலேயே அப்பா புத்தளம் போயிருந்தால் எல்லோருக்கும் வழி கொஞ்சம் அகலமாக இருந்திருக்கும்.

நாங்கள் இழந்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். எழுதத்தான் வேண்டும். எங்கள் கையில் கொடுக்கப்பட்ட திறப்புகளைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தை ஆராய்ந்த மக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வெளிவந்தது. அதில் உள்ளவை பெரும்பாலும் வெளியேற்றப்பட்டவர்கள் சொன்னவை. அவர்கள் யாரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்களோ அந்த அயலவர்களும் சொல்ல வேண்டியது இருக்கிறது. வலை யாரிடம் போனது, மாடு யாரிடம் போனது, கூரை ஓட்டைக் கழற்றியது யார், வீட்டைத் திறந்தது யார் என்று. தலைவர்கள் வருத்தம் தெரிவிப்பது ஒன்று. இந்தக் கேள்விகளுக்கு ஊரில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் பதில் சொல்ல முடியாது. அவர்களுக்கும் வயதாகிறது.

அம்மா மூன்று கிழமை எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, முதலில் அயல் வீட்டுக்குப் போய் அவர்களிடமே சொன்னார்: “நான் உள்ளதை எழுதிக் கொடுக்கப் போறன். நீங்கள் என்னோட கோவிக்கலாம்.” அவர்கள் கோவித்தார்கள். இரண்டு மாதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

சமாதான நீதவான் முன்னால் அம்மா சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைத்தார். அதையும் உறுதியின் பிரதியையும் நான் பஸ்ஸில் கொண்டுபோய் ஆலங்குடாவில் கொடுத்தேன். மதவாச்சியிலும் அனுராதபுரத்திலும் பஸ் மாறி, முழுப் பகலும் போனது. உம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மாவின் கையெழுத்தை மட்டும் பார்த்தார். பிறகு மகனின் தொலைபேசியை வாங்கி அம்மாவுக்கு எடுத்தார். இரண்டு பேரும் அழுவார்கள் என்று நினைத்தேன். வேப்பமரத்தை வெட்டியது யார் என்பதில்தான் பேச்சு தொடங்கியது.

அந்தக் குடும்பத்தை உடனே எழுப்பக் கூடாது, வளவின் பின்பாதியில் அவர்களுக்கு ஒரு துண்டு கொடுக்கலாமா என்று உம்மா யோசிக்கிறார். மகனுக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பேச்சு நடக்கிறது. சோளகம் முடிந்தபோது அவர் மறுபடியும் பத்தலங்குண்டு வாடிக்குப் போய்விட்டார். மண்ணெண்ணெய் இப்போது கிடைக்கிறதாம். ஆனாலும் வள்ளக்காரர் பாயைக் கழற்றி வைக்கவில்லை என்று போனவாரம் சொன்னார்.